மாம்சம் என்பது தசைதானா?

நெற்றிப்பொட்டில், அதாவது கண்ணின் ஓரத்துக்கும் காதுக்கும் நடுவே, இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு பல்லை இறுகக் கடித்தால், விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று திரண்டு மேலெழுவதை உணரலாம்; பல்லைத் தளர்த்தினால் அது உடனே அமுங்கிவிடும். மண்டையோட்டின் பக்கத்தில் விசிறி போல விரிந்து, கீழ்த்தாடையில் வந்து குவியும் தசை அது. நெடுநாள் நோயாலோ பட்டினியாலோ ஊட்டம் குன்றியவர்களைப் பரிசோதிக்கும் மருத்துவர், இந்த இடம் குழிந்திருக்கிறதா என்று இன்றும் பார்க்கிறார். ஆயுர்வேதத்தின் பழைய மூலநூலான சரக சம்ஹிதையும், மாம்சம் செழித்த உடலை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்லும்போது, சதைப்பிடிப்பைப் பார்க்கவேண்டிய இடங்களின் வரிசையை நெற்றிப்பொட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த ஒற்றுமையைக் கண்டதும், உடலை ஆக்கும் பொருள்களுள் ஒன்றாக ஆயுர்வேதம் சொல்லும் மாம்ச தாதுவும் இன்றைய உடலியங்கியலின் தசைத் திசுவும் ஒன்றே என்று எழுதிவிடத் தோன்றும். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு மரபுகளும் உடலில் ஒரே இடத்தைத் தொட்டுப் பார்த்தன என்பது உண்மையே. ஆனால் ஒரு மரபு அங்கே இருக்கும் பொருளைப் பற்றிப் பேசியது, மற்றது அங்கே நடக்கும் வேலையைப் பற்றிப் பேசுகிறது.

வேலையை முதலில் பார்ப்போம். மனித உடலில் எலும்போடு இணைந்த தசைகள் 600-க்கு மேல் உள்ளன. வளர்ந்த ஒருவரின் உடல் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் அவற்றுடையது. எந்தத் தசைக்கும் இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவே முழங்கையை மடக்க மேற்கையின் முன்புறத் தசையும், நீட்டப் பின்புறத் தசையும் என்று, அவை எதிரெதிராக அமைந்திருக்கின்றன. ஒரு தசையைப் பிரித்தால் கற்றைகளும், கற்றையைப் பிரித்தால் இழைகளும் கிடைக்கும். ஒவ்வோர் இழையும் ஒரே ஓர் உயிரணு. முடியை விட மெல்லியது, ஆனால் நீளம் பல சென்டிமீட்டர் வரை போகக்கூடும். பல உயிரணுக்கள் ஒன்றிணைந்து உருவானதால் அதற்குள் நூற்றுக்கணக்கான உட்கருக்கள் உண்டு. இழைக்குள் அதைவிட நுண்ணிய நாரிழைகள் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றை நுண்ணோக்கியில் பார்த்தால் கருமையும் வெளிறலுமாக மாறிமாறி வரும் பட்டைகள் தெரியும். வரித்தசை என்ற பெயர் அதனால் வந்தது.

அந்த வரியின் ஓர் அலகுக்குச் சார்க்கோமியர் என்று பெயர். ஓய்வு நிலையில் அதன் நீளம் இரண்டு மைக்ரோமீட்டருக்குச் சற்று அதிகம். அதன் நடுவில் மயோசின் என்ற புரதத்தால் ஆன தடித்த இழைகளும், இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி நீளும் ஆக்டின் என்ற புரதத்தால் ஆன மெல்லிய இழைகளும், இரண்டு கைவிரல்களைக் கோத்ததுபோல ஒன்றுக்கொன்று இடைபுகுந்து நிற்கின்றன. மயோசின் இழையிலிருந்து சிறுசிறு தலைகள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நரம்பின் கட்டளை வந்து சேர்ந்ததும், இழைக்குள் உள்ள பைகளில் சேமித்துவைக்கப்பட்ட கால்சியம் வெளியே கொட்டுகிறது. அது ட்ரோப்போனின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொள்ள, அதுவரை ஆக்டினின் பிடிப்பிடங்களை மூடியிருந்த மற்றொரு புரதம் சற்றே விலகுகிறது. காத்திருந்த மயோசின் தலைகள் உடனே ஆக்டினைப் பற்றி, நடுவை நோக்கி ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு இழுத்து, விட்டு, மறுபடி சற்றுத் தள்ளிப் பற்றுகின்றன. கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுப்பது போன்ற வேலை இது.

இவ்வளவு சிறிய இழுப்பால் கை எப்படி உயரும் என்று கேட்கலாம். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் இழையில் ஏறத்தாழ 45,000 சார்க்கோமியர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு குறுகினால் போதும், மொத்த இழை 9 மில்லிமீட்டர் குறுகிவிடும். மேற்கைத் தசை முழங்கை மூட்டுக்கு மிக அருகில் எலும்பைப் பற்றியிருப்பதால், அந்த 9 மில்லிமீட்டர், உள்ளங்கை இருக்கும் தொலைவில் பல மடங்காகப் பெருகித் தெரியும்.

இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்ற இந்த விளக்கம் 1954-இல்தான் வந்தது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் ஒரு கட்டுரையிலும், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மற்றொரு கட்டுரையிலும், நேச்சர் இதழின் ஒரே வெளியீட்டில் இதை எழுதினார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு ஏதுமில்லை என்பதை இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொருவரும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

இதில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறு வந்து ஒட்டும்போதுதான் மயோசின் தலை தன் பிடியை விடுகிறது. அதாவது பற்றிய பிடியை விடுவதற்கே ஏடிபி வேண்டும். இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைத்துப்போவதற்குக் காரணம் இதுதான். மூச்சு நின்றபின் ஏடிபி உற்பத்தி நின்றுபோகிறது, கால்சியம் கசிகிறது, தலைகள் ஆக்டினைப் பற்றுகின்றன, விடுவிக்க ஆளில்லை. பின்னர் புரதங்களே சிதையத் தொடங்கும்போதுதான் அந்த விறைப்பு தளர்கிறது.

ஆயுர்வேதம் உடலை ஏழு தாதுக்களாகப் பார்க்கிறது: ரசம், ரத்தம், மாம்சம், மேதஸ், அஸ்தி, மஜ்ஜை, சுக்கிலம். சித்த மருத்துவம் இதே வரிசையைச் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்று தமிழில் சொல்லும். ஒவ்வொரு தாதுவுக்கும் ஒரு தொழில் உண்டு. மாம்சத்துக்கு வகுக்கப்பட்ட தொழில் லேபனம், அதாவது பூசுதல். சுவருக்குச் சாந்து பூசுவதுபோல எலும்புச் சட்டகத்தின்மேல் பூசி, உடலுக்கு உருவமும் திண்மையும் தருவது மாம்சம். கையைத் தூக்குதல், இறக்குதல், நடத்தல், கண் இமைத்தல் ஆகிய அசைவுகள் எல்லாம், உடலுக்குள் இயங்குவதாக ஆயுர்வேதம் கருதும் வாயுக்களில் ஒன்றான வியான வாயுவின் பொறுப்பில் விடப்பட்டுள்ளன. உடலை அசைக்கும் ஆற்றல் சதையிலேயே இருக்கிறது என்ற எண்ணம் அங்கே இல்லை. வியான வாயுவை நரம்புத் தூண்டல் என்று இன்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. ஓரளவு பொருந்தினாலும் அந்த மொழிபெயர்ப்பு இன்றைய அறிவைப் பழைய சொல்லுக்குள் திணிப்பதாகவே எனக்குப் படுகிறது. ரத்தத்தையும் ரசத்தையும் உடலெங்கும் செலுத்துவதும் அதே வியான வாயுவின் வேலைதான் என்று அந்நூல்கள் சொல்வதை அது மறைத்துவிடுகிறது.

மாம்சத்தின் அமைப்பைப் பற்றி அதிகம் பேசுவது மற்றோர் ஆயுர்வேத மூலநூலான சுசுருத சம்ஹிதை. பிரிந்து நிற்கும் ஒவ்வொரு சதைத் துண்டுக்கும் பேசி என்று பெயரிட்டு, கைகால்களில் 400, நடுவுடலில் 66, கழுத்துக்கு மேல் 34 என்று மொத்தம் 500 பேசிகளைக் கணக்கிடுகிறது. பெண்களுக்கு மார்பிலும் பிறப்புறுப்பிலுமாக இன்னும் 20 உண்டு என்கிறது. இந்தியில் தசைக்கு வழங்கும் மாம்ஸ்பேசி என்ற சொல் இதன் வழிவந்ததே. 500 என்ற எண் இன்றைய கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்பதை விட, அது எப்படி எண்ணப்பட்டது என்பது சுவையானது. நஞ்சால் சாகாத, நெடுநோயில் கிடக்காத ஒருவரின் உடலை எடுத்து, குடலைச் சுத்தம் செய்து, புல்லாலும் மரப்பட்டையாலும் சுற்றிக் கூண்டுக்குள் வைத்து, ஓடும் நீரில் மறைவான இடத்தில் ஏழு இரவுகள் ஊறவிடவேண்டும். பின்பு வெட்டிவேர், மூங்கில் போன்றவற்றால் ஆன தூரிகைகளால் மெல்லத் தேய்த்து, தோலில் தொடங்கி அடுக்கடுக்காகக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பது அந்நூல் தரும் முறை. கத்தியைக் காட்டிலும் நீருக்கே இதில் வேலை அதிகம். ஏழு நாள் ஊறிய சதையில் இழைகளின் எல்லைகள் குழைந்துபோயிருக்கும். அழுகலைத் தாக்குப்பிடிக்கும் நாண்களும் பிணைப்புகளும் தெளிவாக எஞ்சியிருக்கும். அந்நூலில் பேசிகளை விட, உடலைக் கட்டும் ஸ்நாயுக்கள் கூடுதலாக, 900 என்று எண்ணப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஸ்நாயு என்ற சொல் தனியே ஒரு தலைவலி. மராத்தியில் அது தசையைக் குறிக்கும். இந்தியில் நரம்பைக் குறிக்கும். சுசுருத சம்ஹிதையோ, பலகைகளைப் பல கட்டுகளால் இறுக்கிய படகு நீரில் பாரம் தாங்குவதுபோல, மூட்டுகளில் ஸ்நாயுக்களால் கட்டப்பட்ட உடல் பாரம் தாங்குகிறது என்று உவமை சொல்கிறது. உவமையை வைத்துப் பார்த்தால் அது தசைநாணும் மூட்டுப் பிணைப்புகளும்தான். நம் மொழியிலும் இந்தக் குழப்பம் இல்லாமலில்லை: தசைநார் என்று ஒருவர் தசையிழையைச் சொல்கிறார், இன்னொருவர் மூட்டுப் பிணைப்பைச் சொல்கிறார்.

அதே நூலில் இன்னோர் உவமை, எனக்கு மிகவும் பிடித்தது. சேற்றுக்குள் தாமரைக் கிழங்கும் தண்டும் நாலாபுறமும் பரவுவதுபோல, மாம்சத்துக்குள் சிரைகளும் தமனிகளும் கிளைத்துப் பரவுகின்றன என்கிறது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது; தசை என்பது ரத்த நாளங்கள் அடர்ந்து ஊடுருவிய திசு, கடும் உழைப்பின்போது இதயம் அனுப்பும் ரத்தத்தின் பெரும்பகுதி தசைகளுக்கே போகிறது.

மாம்சம் எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு ஆயுர்வேத உரையாசிரியர்கள் மூன்று உவமைகளால் விடை தேடினார்கள். பால் தயிராவதுபோல ஒரு தாது முழுவதுமாக அடுத்ததாக மாறுகிறது என்பது ஒன்று. வாய்க்கால் நீர் ஒரு பாத்தியை நனைத்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போவதுபோல என்பது மற்றொன்று. நெற்களத்துக்கு வெவ்வேறு திசைகளிலிருந்து வரும் புறாக்கள் தத்தம் இரையைக் கொத்திக்கொண்டு போவதுபோல, ஒவ்வொரு தாதுவும் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்கிறது என்பது மூன்றாவது. இன்றைய அறிவுக்கு முதல் உவமை அறவே பொருந்தாது. ரத்தம் சதையாக மாறுவதில்லை. மூன்றாவது உவமையோ வியக்கத்தக்க அளவுக்கு நெருங்கி வருகிறது. உண்ட புரதம் அமினோ அமிலங்களாக உடைந்து ரத்தத்தில் மிதந்து வர, ஒவ்வொரு திசுவும் அதிலிருந்து தன் தேவையை எடுத்துக்கொள்கிறது.

மாம்சம் மாம்சத்தால் வளரும் என்ற சரகரின் வாசகத்தையும் இங்கேதான் வைத்துப் பார்க்கவேண்டும். ஒத்த பொருள் ஒத்த பொருளை வளர்க்கும் என்ற பொதுவிதியின் ஒரு சான்று அது. புலாலில் உள்ள அமினோ அமிலங்களின் கலவை நம் தசைக்கு வேண்டிய கலவையோடு நெருங்கியது என்பதால் பலனளவில் அது தவறன்று. ஆனால் செரிமானம் அந்தப் புரதத்தின் அடையாளத்தை முற்றாக அழித்துவிடுவதால், அமினோ அமிலங்கள் போதிய அளவில் இருக்குமானால் அவை பருப்பிலிருந்து வந்தனவா மீனிலிருந்து வந்தனவா என்று தசைக்குத் தெரியாது. மேலும், உணவு மட்டும் தசையை வளர்ப்பதில்லை. தசையின் புரதத்தில் நாளொன்றுக்கு 1 முதல் 2 சதவீதம் சிதைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. சுமையேற்றும்போது கட்டுமானம் முந்துகிறது, படுக்கையில் கிடக்கும்போது சிதைவு முந்துகிறது. காயம்பட்ட இழையைச் சீர்செய்ய, இழையின் ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் துணை உயிரணுக்கள் விழித்துப் பெருகுகின்றன. அவற்றை 1961-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு சொன்னவர் அலெக்சாண்டர் மௌரோ.

ஆயுர்வேதம் உடற்பயிற்சியை ஒதுக்கவில்லை. ஆனால் தன் வலிமையில் பாதியளவுக்கு மட்டும் செய் என்று எல்லை வகுத்தது. நெற்றியிலும் மூக்கிலும் அக்குளிலும் வியர்வை அரும்பி வாய் உலர்ந்தால் நிறுத்திக்கொள் என்று அடையாளமும் சொன்னது. தசையைப் பெருக்க நினைப்பவருக்கு இந்தப் பாதி போதாது என்பது இன்றைய பயிற்சியாளர்களின் கருத்தாக இருக்கும். எனினும் பழக்கமில்லாத உடல் திடீரென எல்லை மீறும்போது இழைகள் பெருமளவில் உடைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் வந்து, சிறுநீரகமே செயலிழக்கும் நிலை உண்டு; அதைக் கண்ட மருத்துவர் அந்தப் பழைய எச்சரிக்கையைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்.

இரு மரபுகளும் மிகவும் விலகி நிற்கும் இடம் இதயம். சுசுருத சம்ஹிதை அதைத் தலைகீழாகத் தொங்கும் தாமரை மொட்டாகப் பார்த்தது. ரத்தம், கபம் இவற்றின் தெளிவிலிருந்து பிறந்தது, விழித்திருக்கும்போது மலர்வது, உறங்கும்போது கூம்புவது என்றது. அது ஒரு பேசி என்று சொல்லவில்லை. உடலியங்கியலுக்கோ அது தசையின் மூன்று வகைகளில் ஒன்று. இரைப்பையிலும் குடலிலும் ரத்த நாளச் சுவர்களிலும் வரிகளின்றி மெதுவாக, நம் விருப்பத்தைக் கேளாமல் இயங்கும் மென்தசை மற்றொன்று. இதயத்தசை எலும்புத்தசையைப் போல வரிகள் கொண்டது, மென்தசையைப் போல நம் கட்டளைக்கு வெளியே இயங்குவது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை சுருங்கும் அது உறக்கத்தில் கூம்பிவிடுவதில்லை. துடிப்பு சற்றுக் குறைகிறது, அவ்வளவே. அதன் ஓய்வு இரு துடிப்புகளுக்கு இடையிலேயே இருக்கிறது. ஒருமுறை சுருங்கிய இழை தளர்ந்து முடியும்வரை அடுத்த தூண்டலை ஏற்காது என்பதால், கெண்டைக்காலைப் போல அதற்குக் குரக்குவலி வருவதில்லை.

தாதுக்கள் ஓயாமல் புதுப்பிக்கப்படுகின்றன என்பதும், ஒவ்வொரு தாதுவிலும் ஏறத்தாழ ஐந்து நாள் தங்கி ஒரு மாதத்தில் ரசம் சுக்கிலமாகிறது என்பதும் சுசுருத சம்ஹிதையின் கணக்கு. புதுப்பித்தல் என்ற எண்ணம் எலும்புத்தசைக்குப் பொருந்துகிறது, காலக்கணக்கு பொருந்தவில்லை. இதயத்தசையில் உயிரணுக்களைப் பொறுத்தவரை இரண்டுமே பொருந்தவில்லை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 மனித உயிரணுக்களில் எந்த அளவு படிந்திருக்கிறது என்பதை வைத்து, 2009-இல் வெளியான ஓர் ஆய்வு இதயத்தசை உயிரணுக்களின் வயதைக் கணக்கிட்டது: இளம் வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம் இதயத்தசை உயிரணுக்களே புதிதாகின்றன, முதுமையில் அதுவும் பாதிக்குமேல் குறைந்துவிடுகிறது. ஆகவே மாரடைப்பில் மடிந்த தசை திரும்ப வளர்வதில்லை. அந்த இடத்தைச் சுருங்கத் தெரியாத வடு நிரப்பிக்கொள்கிறது.