என்கோடிங்: குறியாக்கம் என்ற சொல்லும் வீட்டு டிவிடிகளும்

என்கோடிங் என்பதைத் தமிழில் குறியாக்கம் என்று எழுதுகிறோம். படத்தையோ ஒலியையோ எழுத்தையோ ஏதோ ஒரு விதிமுறைப்படி குறிகளாக மாற்றி எழுதுவது என்று பொருள். அந்த விதிமுறை தெரிந்த கருவி மட்டுமே குறிகளைத் திரும்பப் படமாகவும் ஒலியாகவும் காட்ட முடியும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் பீரோ மேல்தட்டில் நாலைந்து டிவிடி இல்லாத வீடு குறைவு. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, கும்பாபிஷேகம், 2004 மகாமகத்துக்குப் போனபோது எடுத்தது என்று ஏதாவது இருக்கும். போட்டுப் பார்க்கப் பிளேயர்தான் இல்லை. ஸ்டுடியோவில் கொண்டுபோய்க் கொடுத்தால், ‘கன்வர்ட் பண்ணி பென்டிரைவ்ல ஏத்தித் தரேண்ணே’ என்கிறார்கள். கன்வர்ட், காப்பி, ரிப், என்கோட் என்ற நாலு சொல்லும் அங்கே ஒன்றாகவே புழங்குகின்றன. அவை வேறு வேறு வேலைகள் என்று தெரிந்தால்தான் எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது என்பது விளங்கும். சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

ஆங்கிலத்தின் ‘கோட்’ பிரெஞ்சு வழியாக லத்தீன் மொழியின் ‘கோடெக்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதன் பழைய வடிவம் ‘கௌடெக்ஸ்’. அடிமரம் என்று பொருள். மரத்தை அறுத்துப் பலகையாக்கி, அதில் மெழுகு பூசி எழுதியதால் எழுதும் பலகைக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு பலகைகளையும் தாள்களையும் சேர்த்துக் கட்டிய நூலுக்கும், சட்டத் தொகுப்புக்கும், 19ஆம் நூற்றாண்டில் கப்பல் கொடிக்கும் தந்திக்கும் வகுத்த குறிமுறைக்கும் அதுவே பெயரானது. நம் ‘ஏடு’ம் இதே போல மரத்திலிருந்து வந்ததுதான். பூவின் இதழுக்கும் ஏடு என்று பெயர், பனையோலைக்கும் பெயர், கடைசியில் நூலுக்கே பெயர். தஞ்சை சரசுவதி மகாலில் அடுக்கியிருக்கும் சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள் மாற்றத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் என்கோடிங்குக்குத் தமிழ்ச் சொல்லாக்கியவர்கள் ஏட்டை எடுத்துக்கொள்ளாமல் குறியை எடுத்துக்கொண்டார்கள். குறித்தல், குறிப்பு, குறியீடு எல்லாவற்றுக்கும் அதுவே வேர். இன்னொன்றுக்காக நிற்கும் அடையாளம் என்பது அதன் கருத்து. அதனோடு ஆக்கம் சேர்ந்தால் குறியாக்கம். இணையத்தில் தமிழ் எழுதத் தொடங்கிய தலைமுறைக்கு இந்தச் சொல் படம் வழியாக அறிமுகமாகவில்லை, எழுத்து வழியாக அறிமுகமானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து டாம், டாப் குறியாக்கங்கள் வந்தன. திஸ்கி தனியாக இருந்தது. அப்புறம் எல்லாரும் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தோம். ஒரு குறியாக்கத்தில் எழுதியதை இன்னொன்றாக நினைத்துத் திறந்தால் திரை முழுக்கப் புரியாத எழுத்து வந்து நிற்குமே, அது நினைவிருப்பவர்களுக்கு வீடியோ குறியாக்கமும் எளிதில் பிடிபடும்.

மறுதலையான டீகோடிங்குக்குக் குறிநீக்கம் என்றும் குறிவிலக்கம் என்றும் எழுதுகிறார்கள். நீக்கம் என்றால் அழிப்பது போலத் தோன்றுவதால் குறிவிலக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. கோடர், டீகோடர் இரண்டையும் வெட்டி ஒட்டியதுதான் ‘கோடெக்’. அதைக் கோடெக் என்றே விட்டுவிடலாம். நீளமாக மொழிபெயர்த்து வாயில் நுழையாமல் செய்வதில் பயனில்லை.

இப்போது படி. பேக்கப் என்பதற்குக் காப்புப்படி என்பது நல்ல சொல். மூலத்தில் உள்ளதை உள்ளபடியே எடுப்பது படியெடுத்தல். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதிய காலத்திலிருந்தே இந்த வழக்கு உண்டு. கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் 1903 வரை ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் பல படிகளை ஒப்பிட்டுப் பார்த்தே பாடம் தீர்மானித்தார். கையால் எடுத்த படிகளில் பாடபேதம் புகுந்துவிடும். கணினி எடுக்கும் படியில், வட்டு சரியாக வாசிக்கப்பட்டால், ஒரு பிட்கூட, அதாவது 0 அல்லது 1 என்ற ஒற்றைக் குறிகூட, மாறாது. எனவே முதல் வேலை வட்டை அப்படியே ஐஎஸ்ஓ கோப்பாகப் படியெடுப்பது. ஒரு டிவிடிக்கு அதிகபட்சம் 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு என்றால் 8.5 ஜிபி. இன்றைக்கு வெளி ஹார்ட் டிஸ்க் விற்கும் விலையில் இது ஒரு பாரமே கிடையாது. வீட்டில் எழுதிய டிவிடிகளில் தகவல் ஒரு சாயப் பூச்சில்தான் பதிந்திருக்கிறது. வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும். இரண்டுக்கும் டெல்டாவில் குறைவில்லை. கீறல் விழுந்து வாசிக்க அடம்பிடிக்கும் வட்டுக்கு டிடிரெஸ்க்யூ என்ற கருவி உண்டு. முதலில் வரும் பகுதிகளை எடுத்துக்கொண்டு, வராத இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும். எதற்கும் முன்பாக இந்தப் படி கையில் இருக்க வேண்டும் என்பதில் நான் கறாராக இருப்பேன்.

குறியாக்கம் அப்படியல்ல. அதில் இழப்பு உண்டு. டிவிடியில் இருப்பதே ஏற்கெனவே குறியாக்கப்பட்டதுதான். 1990களின் நடுவில் வந்த எம்பெக்-2 முறை அது. நம் ஊர்க் கல்யாண டிவிடிகள் பெரும்பாலும் பால் (PAL) என்ற டிவி அமைப்பில் இருக்கும்: அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 வரி, நொடிக்கு 25 சட்டகம் (ஃப்ரேம்). இதைச் சுருக்காமல் வைத்தால் நொடிக்குச் சுமார் 15.5 எம்பி ஆகும். இரண்டு மணி நேரக் கல்யாணத்துக்கு 112 ஜிபி. அது 4.7 ஜிபி வட்டில் உட்கார்ந்திருக்கிறது என்றால் எவ்வளவு கழிக்கப்பட்டிருக்கும் என்று பாருங்கள்.

எதைக் கழிப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் புள்ளிகளாக எழுதாமல் ஏற்ற இறக்கங்களின் கலவையாக எழுதுவார்கள். மெதுவாக மாறும் பெரிய ஏற்ற இறக்கங்களைக் கண் உடனே கவனிக்கும், பொடிப்பொடியானவற்றை அவ்வளவாகக் கவனிக்காது. பொடியானவற்றை முரட்டுத்தனமாகத் தோராயமாக்கினால் இடம் மிச்சம். டிஸ்கிரீட் கோசைன் டிரான்ஸ்பார்ம் என்ற இந்த முறையை 1974-இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, டி.நடராஜன், கே.ஆர்.ராவ். ஜேபெக் படத்திலும் டிவிடியிலும் இன்றுவரை ஓடுவது இதுவே. இதன் பிறகு, முந்தைய சட்டகத்திலிருந்து எது மாறியது என்பதை மட்டும் எழுதி இன்னும் மிச்சம் பிடிப்பார்கள்.

சட்டகத்துக்குச் சட்டகம் நிறைய மாறினால் நிறைய எழுத வேண்டும். கல்யாண டிவிடியில் அந்த இடம் எது என்று சொல்லவே வேண்டாம்: கெட்டிமேளம். தவில் உச்சத்துக்குப் போகிறது, நாலாபக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது, பிளாஷ் அடித்து அடித்து மேடை வெளுக்கிறது, கூட்டம் எழுந்து நிற்கிறது. ஒரு மஞ்சள் அரிசிகூட முந்தைய சட்டகத்தில் இருந்த இடத்தில் இல்லை. ஊசலில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் காட்சிக்குக் கொடுத்த அதே அளவு பிட்டை இதற்கும் கொடுத்தால் படம் கட்டம்கட்டமாக உடைந்துபோகும். தாலி ஏறும் நொடியில் கட்டம் தெரிகிறது என்று எத்தனை பேர் குறைபட்டுக் கேட்டிருக்கிறேன். மகாமகக் குளத்தில் தண்ணீர் கொந்தளிக்கும் காட்சிக்கும் இதே கதிதான்.

பிட் வீதம், தரக் காரணி என்ற இரண்டு சொற்களின் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பிட்ரேட் என்பது ஒரு நொடிக்கு இத்தனை பிட் என்ற வீதம். ‘துணுக்கு’ என்று பிட்டுக்குச் சொல் வைத்துப் பார்த்தார்கள். பிட் வீதம் என்றாலே எல்லாருக்கும் புரிகிறது. சராசரி வீதத்தை முன்கூட்டியே தீர்மானித்தால் கோப்பின் அளவு கைக்குள் இருக்கும், தரம் காட்சிக்கேற்ப ஏறி இறங்கும். சிடியில் அடக்க வேண்டும் என்ற காலத்தில் அது தேவைப்பட்டது. இப்போது தேவையில்லை. தரத்தைத் தீர்மானித்துவிட்டு, அளவை அது போகிற போக்கில் விடுவதே வீட்டுக் காப்புக்குப் பொருத்தம். சிஆர்எஃப் என்று சொல்லப்படுவது அந்த முறை; ஹேண்ட்பிரேக் என்ற குறியாக்க மென்பொருளில் ஆர்எஃப். நிலைத் தரக் காரணி என்று தமிழில் சொல்லலாம். எண் குறையக் குறையத் தரம் கூடும். டிவிடி அளவுப் படத்துக்கு ஹேண்ட்பிரேக் பரிந்துரைப்பது 18 முதல் 22 வரை. என்னைக் கேட்டால் குடும்ப டிவிடிக்கு 18. சுமார் 6 எண் ஏற்றினால் கோப்பு பாதியாகும், ஆனால் அந்தப் பாதி எங்கே போனது என்று அட்சதையைப் பார்த்தால் தெரியும். முடிவெடுக்கத் தயங்கினால் தாலி கட்டும் ஒரு நிமிடத்தை மட்டும் 18, 20, 22 என்று மூன்று விதமாகக் குறியாக்கிப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள். அமைதியான காட்சியை வைத்துச் சோதித்தால் மூன்றும் ஒன்று போலவே இருக்கும். அதை நம்பக் கூடாது.

குறியாக்க முறை எச்.264-ஆ எச்.265-ஆ? முன்னது 2003, பின்னது 2013. பின்னது அதே தரத்தை இன்னும் குறைந்த இடத்தில் தரும், குறியாக்க நேரம் அதிகம் பிடிக்கும். வீட்டு டிவி, மாமாவின் பழைய போன் எல்லாவற்றிலும் ஓட வேண்டும் என்றால் எச்.264 போதும். வேகம் என்ற இடத்தில் ‘ஸ்லோ’ வைத்துவிட்டு ராத்திரி ஓட விடுங்கள். அளவைப் பெரிதாக்கி 1080 ஆக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 576 வரியில் இல்லாத விவரம் 1080-இல் வந்துவிடாது.

கவனம் வேண்டிய இன்னொரு சொல் இன்டர்லேஸ். இடைப்பின்னல் என்று எழுதலாம். பழைய வீடியோ கேமரா ஒரே வீச்சில் 576 வரியையும் எடுப்பதில்லை. வரி விட்டு வரி, 288 வரி ஒரு தடவை, மீதி 288 அடுத்த தடவை, நொடிக்கு 50 தடவை. கணினித் திரையில் இரண்டையும் ஒன்றாகக் காட்டினால், ஆலத்தி சுற்றும் கையின் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரியும். குறியாக்கும்போதே இதைப் பிரிக்காவிட்டால் அந்தக் கோடுகள் கோப்பில் நிலைத்துவிடும், அவற்றுக்குப் பிட்டும் வீணாகும். ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் பகுதியில் யாடிஃப் எடுத்து, ‘பாப்’ வைத்தால் 50 பதிவுகளும் 50 சட்டகமாகும். கோப்பு சற்றுப் பெருக்கும். ஆனால் கும்மி, கோலாட்டம், தவில்காரர் கை எல்லாம் அன்றைக்கு டிவியில் ஓடிய அதே நெளிவோடு ஓடும். நான் இதில் மிச்சம் பிடிக்க மாட்டேன்.

எம்பி4, எம்கேவி என்று கேட்பவர்கள் அவற்றைக் குறியாக்கம் என்று நினைக்கிறார்கள். அவை கொள்கலன்கள். பத்தாயத்தை வெளியே இருந்து பார்த்து, உள்ளே கிடக்கும் நெல் வெள்ளைப் பொன்னியா ஆடுதுறை 43-ஆ என்று சொல்ல முடியாது. அதே போல எம்கேவிக்குள் எச்.264-உம் இருக்கலாம், டிவிடியின் பழைய எம்பெக்-2-உம் இருக்கலாம். இந்த இரண்டாவது வசதி பலருக்குத் தெரிவதில்லை. படத்தைத் தொடாமல் கொள்கலனை மட்டும் மாற்றினால் இழப்பே இல்லை. அதற்கு ரீமக்ஸ் என்று பெயர். கலமாற்று என்றால் பொருந்தும். இடம் தாராளமாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மறைகுறியாக்கம் என்ற சொல்லையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது என்கிரிப்ஷன்: சாவி இல்லாதவர் படிக்கக் கூடாது என்பதற்காகப் பூட்டுவது. கடையில் வாங்கிய சினிமா டிவிடிகள் பலவற்றில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும். அதற்குக் காப்புரிமைச் சட்டம் தனியாகப் பேசுகிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவைப் பார்க்க வேண்டும். நம் வீட்டுக் கல்யாண வட்டில் பூட்டு இல்லை, குறி மட்டும் உண்டு.

கடைசியாக ஒலி. டிவிடியில் அது பெரும்பாலும் ஏசி-3 முறையில், 48 கிலோஹெர்ட்சில் இருக்கும். வீதம் நொடிக்கு 192 கிலோபிட் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு 173 எம்பி. இதைப் போய்ச் சுருக்குவானேன்? ‘பாஸ்த்ரூ’ கொடுத்தால் ஒலி அப்படியே கலம் மாறும். நாதஸ்வரம் கூர்மையான மேல் சுரங்கள் நிறைந்தது. குறைந்த வீதத்தில் மறுகுறியாக்கம் செய்தால் அந்தக் கூர்மைதான் முதலில் அடிபட்டு, சலசலவென்று ஒரு நீரோட்டச் சத்தம் ஒட்டிக்கொள்ளும். ஸ்டுடியோவில் கொடுப்பதானாலும் ‘ஆடியோவைத் தொடாதீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஐஎஸ்ஓ படியையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். நாளைக்கு வேறொரு குறியாக்கம் வந்தால், ஏற்கெனவே சுருக்கிய எம்பி4-ஐ மறுபடி சுருக்காமல் நேரே ஐஎஸ்ஓ படியிலிருந்து தொடங்கலாம்.