தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் ரயில்

நியூயார்க்கின் மூன்று பெரிய விமான நிலையங்களில் மன்ஹாட்டனுக்கு மிக அருகில் இருப்பது லாகுவார்டியா. ரயில் இணைப்பு இல்லாததும் அது ஒன்றுதான்.

2015இல் அன்றைய ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோ ஒரு வழி சொன்னார்: வில்லெட்ஸ் பாயின்ட் ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குத் தனி உயர்மட்ட ரயில். தொடக்க மதிப்பீடு 45 கோடி டாலர். மன்ஹாட்டனிலிருந்து அரை மணி நேரம் என்றார்கள். ஆனால் மன்ஹாட்டன் இருப்பது மேற்கே. வில்லெட்ஸ் பாயின்ட்டோ விமான நிலையத்துக்கும் கிழக்கே. பயணி விமான நிலையத்தைத் தாண்டிப் போய், பெட்டியோடு இறங்கி, வேறு வண்டி ஏறி, வந்த திசையிலேயே திரும்ப வேண்டும்.

அந்த அரை மணிக் கணக்கில் காத்திருப்பு சரியாக இடம்பெறவில்லை. ரயில் அரை மணிக்கு ஒன்று என்றால், சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம். ஊரிலிருந்து கிளம்புபவர் கால அட்டவணை பார்த்துக் கிளம்பலாம். விமானத்திலிருந்து இறங்குபவருக்கு அந்த வசதி இல்லை. பெட்டி எப்போது வருகிறதோ அப்போதுதான் வெளியே வர முடியும். போதாக்குறைக்கு, நடைமேடையில் நிற்கும் ஒரு நிமிடம் மனத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடமாகப் படுகிறது. போக்குவரத்துத் திட்டமிடுவோர் அப்படித்தான் கணக்கிடுகிறார்கள். வில்லெட்ஸ் பாயின்ட் வரை 16 நிமிட ரயிலும் அங்கிருந்து 6 நிமிட இணைப்பு ரயிலும் சேர்ந்து 22 நிமிடம்தான். இரண்டுக்குமான காத்திருப்பு 17 நிமிடம் என்று வைத்து, அதை இரட்டித்துச் சேர்த்தால் 56. ஆறு நிமிடத்துக்கு ஒன்று வரும் நேரடி ரயில் 40 நிமிடம் ஓடினாலும், சராசரிக் காத்திருப்பான 3 நிமிடத்தை இரட்டித்துச் சேர்த்தால் 46இல் முடிந்துவிடும்.

அப்படியென்றால் நேரடி ரயிலே விட்டிருக்கலாமே? மேற்கே, அஸ்டோரியாவில் முடியும் சுரங்க ரயில் தடத்தை நீட்டும் திட்டம் 1990களின் இறுதியிலேயே வந்தது. வீட்டு வாசலுக்கு மேலே உயர்மட்டப் பாதையில் ரயில் ஓடுவதை அப்பகுதி மக்கள் எதிர்த்தார்கள். 2003இல் திட்டம் கைவிடப்பட்டது.

மக்கள் சம்மதித்திருந்தாலும் விமானங்கள் சம்மதித்திருக்குமா என்பது வேறு கேள்வி. மேற்கிலிருந்து பிரதான முனையங்களை அடைய, ஓர் ஓடுபாதையின் தென்மேற்கு முனையைச் சுற்றிப் போயாக வேண்டும். கருவிகளின் துணையோடு துல்லியமாகத் தரையிறங்கும் ஓடுபாதை என்றால், முனையிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி, வானில் ஒரு கற்பனைச் சரிவு தொடங்கும்: 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். அதற்குள் எதுவும் தலைநீட்டினால் அது தடையாகக் கருதப்படும். தண்டவாளம் என்றால், அதன் மேல் ரயிலுக்காக 23 அடி, அதாவது 7 மீட்டர், சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க விதி. தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் தடம் அமைத்தால் மொத்தம் 13 மீட்டர். சரிவு அந்த உயரத்தை எட்ட 650 மீட்டர் வேண்டும். நெருக்கமான அந்தக் கரையில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? மிஞ்சுவது சுரங்கம். கடலோர மண்ணில் சுரங்கம் தோண்டினால் செலவு கையைக் கடிக்கும்.

கியூமோவின் பாதைக்குத் தனியார் வீடுகளை இடிக்க வேண்டியதில்லை. சுற்றுவழி தேர்வானதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பொறியாளர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

செலவு 200 கோடி டாலரைத் தாண்டியது. 2021 அக்டோபரில் புதிய ஆளுநர் கேத்தி ஹோக்கல் திட்டத்தை நிறுத்தினார். 2023 மார்ச்சில் அது கைவிடப்பட்டது. மறுஆய்வு செய்த நிபுணர் குழு பரிந்துரைத்தது பஸ்ஸைத்தான்: விமான நிலையத்துக்கு 2022 முதல் கட்டணமின்றி ஓடும் கியூ 70 பஸ்ஸுக்குத் தனித் தடம், அஸ்டோரியாவிலிருந்து புதிய இணைப்பு பஸ். ரிப்பன் வெட்டும் படத்துக்கு இது அவ்வளவு எடுப்பாக இருக்காது. ஆனால் தனித் தடம் கிடைத்துவிட்டால், நெரிசலில் பஸ் தாமதமாகுமோ என்று பயணி கையில் கூடுதலாக வைத்துக்கொள்ளும் நேரம் குறையும்.