நாகப்பட்டினத்துக்குப் பிறகு பினாங்கு: ஓர் அலையின் நேரக் கணக்கு

பினாங்கின் பத்து பிரிங்கி கடற்கரையில் மாலை நேரத்தில் நிற்பவருக்கு மலாக்கா நீரிணை அடக்கமான ஒரு கடலாகவே தெரியும். அலை கணுக்காலை நனைத்துவிட்டுத் திரும்பிவிடும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இரவெல்லாம் கேட்கும் இரைச்சல் இங்கே இல்லை. மேற்கே சுமத்திரா தீவு நீண்ட மதிலைப் போலக் கிடப்பதால், இந்தியப் பெருங்கடலின் சீற்றம் நம்மை எட்டாது என்று பினாங்கில் வாழ்ந்த அனைவரும் நம்பியிருந்தோம். 2004 டிசம்பர் 26 அந்த நம்பிக்கையை உடைத்தது. அன்றைய ஆழிப்பேரலையில் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். அவர்களில் 52 பேர் பினாங்கு மாநிலத்தில் இறந்தவர்கள். பாசிர் பாஞ்சாங் போன்ற கடற்கரைகளுக்கு விடுமுறை நாளைக் கழிக்கச் சென்ற குடும்பங்களும் அவர்களில் உண்டு.

அந்த நாளின் நேரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு புதிர் முன்னே வந்து நிற்கிறது. சுமத்திராவின் வடபகுதியான ஆச்சேயின் கரைக்கு அப்பால் 9.1 ரிக்டர் அளவு என்று பேச்சு வழக்கில் சொல்லப்படும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது மலேசிய நேரம் காலை 8.59. பேரலை நாகப்பட்டினம் கரையை ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் தாக்கியது. பினாங்கை அது அடைந்தபோது பிற்பகல் ஒரு மணி கடந்துவிட்டது. நிலநடுக்க மையத்திலிருந்து பினாங்கு நேர்கோட்டில் சுமார் 540 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நாகப்பட்டினமோ 1,900 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ரஜூலா கப்பலில் நம் தாத்தா பாட்டிமார் பல நாள் பயணமாகக் கடந்த அந்த வங்கக் கடலை அலை இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிட்டது. அருகிலிருந்த பினாங்குக்கு வர மட்டும் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஏன்?

விடை கடலின் ஆழத்தில் இருக்கிறது. காற்றால் எழும் சாதாரண அலை நீரின் மேற்பரப்பை மட்டுமே அசைக்கும். ஆழிப்பேரலை அப்படிப்பட்டதன்று: கடலடித் தரையே செங்குத்தாக உயர்ந்தும் தாழ்ந்தும் போவதால், அடி முதல் மேல்மட்டம் வரை மொத்த நீர்த்தூணும் நகர்கிறது. அதன் வேகத்தைத் தீர்மானிப்பது ஆழம் ஒன்றே. புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வேகம் கிடைத்துவிடும். 3,500 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு ஏறத்தாழ 670 கிலோமீட்டர், அதாவது விமானத்தை நெருங்கும் வேகம். 60 மீட்டர் ஆழமே உள்ள இடத்தில் அதே அலை மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும். நம் விரைவுச்சாலையில் ஒரு கார் அதை முந்திவிடும். வங்கக் கடல் ஆழமானது, மலாக்கா நீரிணையின் வடபகுதி ஆழமற்றது. மேலும் சுமத்திராவின் வடமுனையைச் சுற்றி, அந்தமான் கடலில் நுழைந்து, அங்கிருந்து தென்கிழக்காகத் திரும்பித்தான் அலை பினாங்குக்கு வர முடியும். நிலப்பிளவு வடக்கே நிக்கோபார், அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டதால், இந்தியக் கரைக்கு அலை புறப்பட்ட இடமே சற்று அருகில் அமைந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வேகம் குறைவதால் ஆபத்து குறைந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. முன்னால் போகும் நீர் மெதுவாகச் செல்ல, பின்னால் வரும் நீர் அதை நெருக்குவதால் அலை குறுகி உயர்கிறது. ஆழம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும்போது அலையின் உயரம் ஏறக்குறைய இரு மடங்காகும். நடுக்கடலில் படகில் இருப்பவர் உணராமலே கடந்துபோகும் அலை கரையில் வீட்டை இடிப்பது இதனால்தான்.

ஆகவே பினாங்குக்கு அன்று நான்கு மணி நேர அவகாசம் இருந்தது. அதைவிட வேதனையானது, நமக்குச் செய்தியும் அன்று காலையிலேயே வந்திருந்தது. ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு ஒன்றின் பன்னிரண்டாம் மாடியில் பசியாறிக்கொண்டிருந்தோம். சாமி மாடத்தில் சங்கிலியில் தொங்கிய விளக்கு மெதுவாக, ஊஞ்சலைப் போல, இப்படியும் அப்படியும் போய்வந்தது. எண்ணெய் ஒரு சொட்டு தரையில் விழுந்தது. தொலைவிலிருந்து வரும் நிலநடுக்க அலைகளில் வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிட, மெதுவான நீண்ட அதிர்வுகள் மட்டும் எஞ்சுகின்றன. உயர்ந்த கட்டடங்கள் இயல்பாகவே மெதுவாக ஆடுபவை என்பதால் அந்த அதிர்வுக்கு அவை இசைந்துவிடுகின்றன. கீழே தரையில் நடந்துகொண்டிருந்தவர்களில் பலருக்கு எதுவும் தெரியவில்லை. ஆட்டம் நின்றதும் நாங்கள் விளக்கைத் துடைத்துவிட்டு வழக்கமான வேலையைப் பார்க்கப் போனோம். நிலம் ஆடியதையும் கடலையும் தொடர்புபடுத்தும் அறிவு எங்களுக்கு இல்லை. அதைச் சொல்லும் ஏற்பாடும் அன்று இந்தியப் பெருங்கடலில் எங்குமே இல்லை.

பசிபிக் பெருங்கடலைச் சுற்றியுள்ள நாடுகளிடம் அது இருந்தது. ஹவாயில் 1949 முதல் ஓர் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 1960-ஆம் ஆண்டு சிலியிலும் 1964-ஆம் ஆண்டு அலாஸ்காவிலும் நேர்ந்த பேரழிவுகளுக்குப் பின், 1965 முதல் யுனெஸ்கோவின் கீழ் பல நாடுகள் தரவுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. 2004-இல் அந்த மையம் கால் மணி நேரத்துக்குள் நிலநடுக்கத்தைக் கண்டுபிடித்தும் விட்டது. ஆனால் அதன் முதல் மதிப்பீடு 8.0, ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குப் பின் அது 8.5 ஆனது. 8.0-க்கும் 9.1-க்கும் உள்ள வேறுபாடு எண்ணளவில் சிறியதாகத் தோன்றினாலும் வெளிப்படும் ஆற்றலில் அது நாற்பது மடங்குக்கு மேல். பிளவு எட்டு நிமிடங்களுக்கு மேல் கிழிந்துகொண்டே போன நிலநடுக்கத்தை முதல் சில நிமிட அதிர்வுகளைக் கொண்டு அளந்தால் இப்படித்தான் குறைத்து மதிப்பிட நேரும். அளவு சரியாகவே கிடைத்திருந்தாலும், கரையில் நிற்பவர்வரை செய்தியைக் கொண்டுசேர்க்கும் வழி இந்தப் பெருங்கடலில் இல்லை.

அந்த வழியைக் கட்டும் வேலை 2005-இல் தொடங்கியது. யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின்கீழ் இந்தியப் பெருங்கடல் நாடுகள் ஓர் எச்சரிக்கை அமைப்பை நிறுவின. 2011 அக்டோபர் முதல் ஆஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளின் மையங்கள் வட்டாரம் முழுமைக்கும் தகவல் வழங்கும் பொறுப்பை ஏற்றுள்ளன. இந்திய மையம் ஹைதராபாத்திலும் இந்தோனேசிய மையம் ஜகார்த்தாவிலும் உள்ளன.

நிலநடுக்கம் ஏற்பட்ட சில நிமிடங்களில் பல நாடுகளின் அளவிகளிலிருந்து வரும் அதிர்வுப் பதிவுகளைக் கொண்டு இடமும் ஆழமும் அளவும் கணிக்கப்படுகின்றன. பின்னர் முன்கூட்டியே கணினியில் ஓட்டிச் சேமித்து வைத்துள்ள ஏராளமான மாதிரிப் பேரலைக் கணிப்புகளில் இதற்கு நெருக்கமானது எடுக்கப்படுகிறது. அலையின் வேகம் ஆழத்தை மட்டுமே சார்ந்தது என்பதால், கடலடி வரைபடம் சரியாக இருந்தால் ஒவ்வொரு கரைக்கும் அலை எப்போது வரும் என்பதை முன்னதாகவே கணக்கிட்டுவிடலாம். ஆழம் அளந்த வரைபடத்தை அண்டை நாடு ஒளித்து வைத்தால் நம் கணக்கு பிழையாகிவிடும்.

ஆனால் அலை உண்மையில் எழுந்ததா என்பதைக் கடலைத்தான் கேட்க வேண்டும். அதற்கு இரண்டு கருவிகள் உள்ளன. ஒன்று துறைமுகங்களில் உள்ள கடல்மட்ட அளவி. மற்றொன்று கடலடியில் வைக்கப்படும் அழுத்தமானி: தன் தலைக்கு மேலுள்ள நீர்த்தூணின் எடையை அது அளக்கிறது. ஒரு சென்டிமீட்டர் நீர் கூடினாலும் கடலடி அழுத்தம் அதற்கேற்ப உயர்வதால், ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கிடந்தபடியே கடல் ஒரு விரலளவு உயர்ந்ததை அது அறிந்துவிடும். அந்தச் செய்தி ஒலியலையாக மேலே மிதவைக்குச் சென்று, அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு வருகிறது. இந்தியப் பெருங்கடலில் இவ்வகை மிதவை ஒன்றைத் தாய்லாந்தும் அமெரிக்காவும் சேர்ந்து 2006 டிசம்பரில் நிறுவின. இந்தியாவும் வங்கக் கடலில் தனது மிதவைகளை வைத்திருக்கிறது.

பினாங்கின் நிலையிலிருந்து இதை எண்ணிப் பாருங்கள். ஆச்சேயிலிருந்து வரும் அலை முதலில் சுமத்திராவின் வடமுனையை அடுத்த வே தீவிலுள்ள சாபாங்கைத் தொடும். பின்னர் இரண்டு மணி நேரமளவில் புக்கெட்டைத் தொடும். அதற்கும் வெகுநேரம் கழித்தே நம்மிடம் வரும். ஆகவே பினாங்கைக் காக்கும் அளவிகளில் முக்கியமானவை பினாங்கில் இல்லை. அவை இந்தோனேசியாவிலும் தாய்லாந்திலும் இருக்கின்றன. அங்குள்ள ஒரு துறைமுக ஊழியர் அளவியில் படிந்த பாசியைச் சுரண்டிச் சுத்தம் செய்வது, அவர் ஒருநாளும் பார்த்திராத பத்து பிரிங்கியில் ஒரு குழந்தையின் உயிரோடு தொடர்புடையது. வட்டார ஒத்துழைப்பு என்றால் மாநாடும் கைகுலுக்கலும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்; நடைமுறையில் அதன் பெரும்பகுதி இதைப் போன்ற பராமரிப்பு வேலைதான்.

பராமரிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. கடல் நடுவில் நிற்கும் மிதவையில் மீனவர்கள் படகைக் கட்டுவதும் பாகங்கள் களவு போவதும் எல்லாக் கடல்களிலும் நடக்கின்றன. 2018 செப்டம்பரில் சுலாவெசியின் பாலு நகரத்தைப் பேரலை தாக்கியபோதுதான், இந்தோனேசியாவின் மிதவைகள் 2012 முதலே செயலிழந்து கிடந்தது உலகின் கவனத்துக்கு வந்தது. பாலுவில் அலை சில நிமிடங்களில் வந்துவிட்டதால் மிதவை இருந்தாலும் பயன் குறைவாகவே இருந்திருக்கும். ஆனால் அலை வந்து சேர மணிக்கணக்காகும் பினாங்கு போன்ற ஊருக்கு அது அவசியமான கருவி. அண்டை நாட்டின் மிதவைக்கு மலேசியா பணம் கொடுப்பது தர்மம் என்று சிலர் கருதக்கூடும். அது நம் வீட்டுக் கூரையைச் செப்பனிடும் செலவு என்பதே என் கருத்து.

2012 ஏப்ரல் 11 மாலை 4.38-க்கு இந்த அமைப்பு முதல் பெரிய சோதனையைச் சந்தித்தது. சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் நடுங்கியது. எச்சரிக்கை சில நிமிடங்களில் வந்தது. பினாங்கு, கெடா கடலோர மக்கள் வெளியேறும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஆனால் பெரிய அலை எழவில்லை. அன்று நிலப்பாறைகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தன. கடலடி அதிகம் உயராததால் நீரும் அதிகம் தள்ளப்படவில்லை. நகர்வு எந்தத் திசையில் என்பதை உறுதிசெய்யக் கூடுதல் நேரம் தேவைப்படும். அதுவரை காத்திருந்தால் கரைக்கு அருகில் வாழ்பவர்களுக்கு அவகாசம் இருக்காது. வீணாக ஓட வைத்தார்கள் என்று அன்று முணுமுணுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அமைப்பு செய்ய வேண்டியதைத்தான் செய்தது.

அதன் எல்லையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவின் அனாக் கிரகத்தோவா எரிமலையின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்து எழுப்பிய அலை 400-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லாததால் எச்சரிக்கை மணி அடிக்கவே இல்லை.

பேரிடர் நேர்ந்த பிறகு செய்வதற்கும் வட்டாரத்தில் ஏற்பாடு இருக்கிறது. ஆசியான் நாடுகளின் பேரிடர் மேலாண்மை உடன்பாடு 2005-இல் கையெழுத்தாகி 2009-இல் நடைமுறைக்கு வந்தது; அதன் ஒருங்கிணைப்பு மையம் 2011 முதல் ஜகார்த்தாவில் இயங்குகிறது; அதன் நிவாரணப் பொருள் கிடங்கு கோலாலம்பூரை அடுத்த சுபாங்கில் இருக்கிறது. கூடாரமும் போர்வையும் அங்கிருந்து விமானமேறும்.

ஹைதராபாத்திலிருந்தோ ஜகார்த்தாவிலிருந்தோ வருவது தகவல் மட்டுமே. நம் கரையில் எச்சரிக்கை விடுக்கும் அதிகாரம் மலேசிய வானிலை ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. அங்கிருந்து குறுஞ்செய்தி, தொலைக்காட்சி, கடற்கரை ஒலிபெருக்கித் தூண்கள் வழியாக அது மக்களை அடைய வேண்டும். இந்தக் கடைசி ஒரு கிலோமீட்டர்தான் எனக்குக் கவலை தருவது. கடற்கரையில் உருண்டை வடை விற்கும் மூதாட்டியிடமும், ஓட்டல் கட்டும் வங்கதேசத் தொழிலாளரிடமும் அந்தத் தூண் எழுப்பும் ஒலிக்கு என்ன பொருள் என்று அவரவர் மொழியில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். முதல் அலை வடிந்ததும் கரைக்குத் திரும்பக் கூடாது, பின்னால் வருவது பெரிதாக இருக்கலாம் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

பினாங்கின் தஞ்சோங் பூங்கா என்ற கடலோரப் பகுதியில் மணலிலிருந்து நூறு மீட்டர் நடந்தால் இருபது முப்பது மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. உறுதியான கான்கிரீட் கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கு மேல் ஏறிவிட்டால் பெரும்பாலும் உயிர் பிழைக்கலாம். மலையை நோக்கி நெரிசலில் காரோட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கட்டடங்களின் வாயிலில் இரும்புக் கதவு உண்டு. குடியிருப்பவரின் மின்னட்டை பட்டால்தான் அது திறக்கும். சென்ற மாதம் அப்படி ஒரு வாயிலில் இருந்த காவலரிடம், சுனாமி எச்சரிக்கை ஒலித்தால் வெளியாட்களை உள்ளே விடலாமா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "நிர்வாகத்தைக் கேட்கணுங்க ஐயா" என்றார்.