யாரை வைத்துப் பார்த்த ஆய்வு என்று கேளுங்கள்

அடைபட்ட இதய நாளத்தைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற கம்பி வலை வைத்தவர்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. இதை எத்தனை தடவை சொல்வது என்று எனக்கே அலுத்துவிட்டது, ஆனாலும் சமீபத்தில் மறுபடியும் ஒருவரை விடியற்காலையில் நெஞ்சுவலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம்கூட ஆகாதவர். (அடையாளம் தெரியாமலிருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் திருவனந்தபுரத்துக்கு ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம். உயிர் பிழைத்தார், ஆனால் அந்த அடைப்பில் செத்துப்போன இதயத் தசை திரும்ப வரப்போவதில்லை. மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று கேட்டால் மகன் போனை நீட்டுகிறார். கல்ஃபிலிருந்து மருமகன் அனுப்பிய மலையாள வீடியோ. வயதானவர்களுக்கு ஆஸ்பிரினால் பயனில்லை, ரத்தக்கசிவுதான் மிச்சம், ஆய்வில் நிரூபணம்.

எனக்குக் கடுப்பு எங்கே என்றால், அந்த வீடியோ பொய் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து ஆஸ்ப்ரீ என்று ஓர் ஆய்வு நடந்தது, 2018-இல் முடிவு வந்தது. பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்கள். பாதிப் பேருக்குத் தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் இல்லை, ரத்தக்கசிவு கூடுதல். எல்லாம் சரி. ஆனால் அந்த 19,000 பேரும் அதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வராத ஆட்கள். ஸ்டென்ட் வைத்த ஒருவர்கூட அந்தக் கணக்கில் வரமாட்டார். நோயே இல்லாத ஆளுக்கு முன்னெச்சரிக்கையாக மாத்திரை கொடுக்கலாமா என்பதுதான் அங்கே கேள்வி, அதற்குத்தான் 'வேண்டாம்' என்று பதில் வந்தது. இதய நாளத்துக்குள் கம்பி வலை இருக்கிற நம்ம ஆள் அந்தப் பதிலை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

என்னிடம் செய்தி கொண்டுவருகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "டாக்டரே, இது நெசமா, பொய்யா?" நெசம்தான். உங்களுக்குப் பொருந்தாது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, டாக்டர் மழுப்புகிறார் என்று நினைக்கிறார்கள்.

தேங்காய் எண்ணெய்க்கும் இதே கதி. கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரை இரண்டு வருடம் கவனித்து 2016-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள்: சமையலுக்குத் தேங்காய் எண்ணெய் பயன்படுத்தியவர்களுக்கும் சூரியகாந்தி எண்ணெய் பயன்படுத்தியவர்களுக்கும் கொழுப்பு அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. குமரி மாவட்டமே கொண்டாட வேண்டிய செய்தி, நானும் அவியலுக்கு வேறு எண்ணெய் ஊற்ற விடமாட்டேன். ஆனால் அந்த 200 பேரும் வழக்கமான இதய சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே எண்ணெய் சாப்பிட்டவர்கள். மாத்திரையும் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது எண்ணெயால் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் முடிவு. இங்கே அது "தேங்காய் எண்ணெய் கொழுப்பைக் குறைக்கும், கொழுப்பு மாத்திரை வேண்டாம்" என்று மார்த்தாண்டம் சந்தை வரைக்கும் பரவி, அப்புறம் என் மேசைக்கு வருகிறது. 200 பேர், இரண்டு வருடம் என்பது சின்ன ஆய்வு என்பதை யாரும் கேட்பதே இல்லை.

இதையெல்லாம் விளக்கி முடித்ததும் ஒரு வசனம் வரும் பாருங்கள், அதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. "நேத்து ஒண்ணு சொன்னானுவ, இன்னைக்கு ஒண்ணு சொல்லுதானுவ. எல்லாம் மாத்தி மாத்தில்லா சொல்லுதானுவ, எதைத்தான் நம்ப?"

மாற்றிச் சொல்வதால்தான் நம்பலாம் என்கிறேன். இதற்கு ஆஸ்திரேலியா வரைக்கும் போக வேண்டாம், நம் மரச்சீனிக் கிழங்கே (மரவள்ளி, கப்பை) போதும். விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் திருவிதாங்கூரில் ஊக்குவித்துப் பரவிய பயிர், பஞ்ச காலத்தில் அரிசி இல்லாதபோது உயிர் காத்தது, மீன் குழம்போடு இன்றைக்கும் நம் சோறு. கேரளத்தில் ஒரு காலத்தில் ஒரு விசித்திரமான நோய் அதிகமாகத் தெரிந்தது. சின்ன வயதிலேயே தாங்க முடியாத வயிற்றுவலி, உடம்பு மெலிவு, கணையத்தில் கல், பிறகு சர்க்கரை நோய். குடிப்பழக்கமும் இல்லை. யாருக்கு வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் ஏழைகள், மரச்சீனியை நம்பி வாழ்கிறவர்கள். கிழங்கில் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருப்பதும் தெரிந்ததே, நம் வீட்டுப் பெண்கள் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுவது சும்மா இல்லை. அப்படியானால் கிழங்குதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள். அந்த நாளில் நான் அங்கே இருந்திருந்தாலும் அப்படித்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஒரு சந்தேகம் வந்தால் அதை உடைத்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சிக்காரர்களின் வேலை. கிழங்கு சாப்பிடாத ஊர்களிலும் அதே நோய் இருப்பது தெரிந்தது. எலிகளுக்கு மாதக்கணக்கில் மரச்சீனி கொடுத்துப் பார்த்தார்கள், கணைய அழற்சி வரவில்லை. 2000-க்குப் பிறகு மரபணுக்களைப் பார்க்கும் வசதி வந்தபோது, இந்த நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பது தெரிந்தது. அது மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது, அந்த மாற்றம் இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு. ஆக, முதலில் சொன்னவர் ஏமாற்றுக்காரரும் இல்லை, பின்னால் திருத்தியவர் அதிபுத்திசாலியும் இல்லை. கையில் இருந்த ஆதாரத்துக்குத் தகுந்த அளவு சொன்னார்கள், ஆதாரம் கூடியபோது திருத்தினார்கள். கிழங்கின் பெயரில் இருந்த பழி இப்படித்தான் நீங்கியது, மாற்றிச் சொல்ல ஆள் இல்லாமல் போயிருந்தால் இன்றைக்கும் நாம் கப்பைக்குப் பயந்துகொண்டிருப்போம். இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுகின்றன என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் காலையில் வருகிற செய்திகளில் பாதி தானாக உதிர்ந்துவிடும். ஐம்பது வருடமாக மாறாமல் ஒரே பேச்சுப் பேசுகிறவர் வேண்டுமென்றால் பேருந்து நிலையத்தில் லேகியம் விற்பவரிடம் போங்கள், அவர் சொல் மாறவே மாறாது.

சதவீதத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1995-இல் பிரிட்டனில் ஒருவகைக் கருத்தடை மாத்திரையால் ரத்தக்கட்டு அபாயம் 100 சதவீதம் கூடுகிறது என்று செய்தி வந்தது. ஏகப்பட்ட பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள், வேண்டாத கர்ப்பங்களும் கருக்கலைப்புகளும் ஆயிரக்கணக்கில் கூடின. உள்ளபடி கூடியது 7,000 பேரில் 1 என்று இருந்தது 7,000 பேரில் 2 ஆனது மட்டும். கர்ப்பமாக இருக்கும்போது ரத்தக்கட்டு வரும் அபாயம் அதைவிட அதிகம். இந்தத் தந்திரத்தில் நாங்களும் விழுகிறோம், மருந்து கம்பெனிப் பிரதிநிதி வழவழப்பான தாளில் கொண்டுவந்து காட்டும் கிராஃபில் பக்கவாட்டுக் கோடு பல சமயம் பூஜ்யத்தில் தொடங்காது, சின்ன வித்தியாசம் மலை மாதிரி நிற்கும்.

எல்லோரையும் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் கேட்ட மிக நல்ல கேள்வியைக் கேட்டவர் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடலோர ஊர்க்காரர் ஒருவர், மீன்பிடித் தொழில், பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. நம் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர் வீசும் தோரியம், அதனால் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். கேரளத்தில் கருநாகப்பள்ளி கடற்கரையும் அப்படித்தான். அங்கே வீடு வீடாகக் கதிர்வீச்சை அளந்து, ஏறத்தாழ 70,000 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து, கதிர்வீச்சு கூடிய இடத்தில் புற்றுநோய் கூடவில்லை என்று 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். இதை நான் சொன்னதும் அவர் கேட்டார்: "சரி டாக்டரே, அது அவிய ஊரு. எங்க ஊருல அளந்தாவளா? எங்க குடும்பத்துலயே மூணு பேரு ஆர்சிசிக்குப் போயிருக்காவ." (ஆர்சிசி என்பது திருவனந்தபுரத்துப் புற்றுநோய் மருத்துவமனை.)

யாரை வைத்துப் பார்த்தது, எங்கள் நிலைமையும் அதுவும் ஒன்றா? இந்தக் கேள்விதான் எனக்கு வேண்டும். அவருக்கு நான் சொன்ன பதில் இது. மணலின் தன்மை ஒன்று, கடலோர வாழ்க்கையும் ஏறக்குறைய ஒன்று, அதனால் அந்த முடிவை ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனால் அவர்கள் முக்கியமாகப் பார்த்தது மண்ணிலிருந்து உடம்பின்மேல் படும் கதிர்வீச்சை, எல்லா வழிகளையும் எல்லா ஊர்களையும் அல்ல. கதிர்வீச்சால் கூடவில்லை என்றால் அங்கே யாருக்கும் புற்றுநோய் வரவில்லை என்று அர்த்தமும் இல்லை, மற்ற ஊர்களைப் போல அங்கேயும் வருகிறது. ஒரு குடும்பத்தில் மூன்று பேருக்கு வந்தால் மணலை விட்டுவிட்டு முதலில் என்ன வகைப் புற்றுநோய், எந்த வயதில், புகையிலை உண்டா, ரத்த சொந்தமா என்று பார்க்க வேண்டும். மூன்று பேரின் சீட்டுகளையும் கொண்டுவரச் சொன்னேன், கொண்டுவந்தார். இரண்டு பேருக்கு வாய்ப்புற்று, இரண்டு பேருமே வெற்றிலையோடு புகையிலை. மூன்றாமவர் கல்யாணம் செய்து வந்த மருமகள். கேள்வி கேட்ட மீனவர் உடனே மணலை மன்னித்துவிட்டார் என்று சொல்லமாட்டேன், ஆனால் வீட்டில் புகையிலை போடும் மற்றவர்களை வாய்ப் பரிசோதனைக்குக் கூட்டி வந்தார்.

இனிமேல் செய்தி வந்தால் செய்ய வேண்டியது இதுதான். எலியா மனிதனா என்று பாருங்கள். எலி என்றால் செய்தியை மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள், மனிதனுக்கு வரப் பல வருடம் ஆகும், வராமலும் போகும். மனிதன் என்றால் எத்தனை பேர், உங்கள் வயதா, உங்கள் நோய் உள்ளவர்களா, எதோடு ஒப்பிட்டார்கள்? சதவீதம் சொன்னால் எத்தனை பேரில் எத்தனை என்று கேளுங்கள், அது செய்தியில் இல்லையென்றால் அந்தச் சதவீதத்துக்கு மதிப்பே இல்லை. ஒரே ஆய்வை வைத்துக்கொண்டு எதையும் நிறுத்தவும் வேண்டாம், தொடங்கவும் வேண்டாம். வீடியோவை அழிக்காமல் எடுத்து வாருங்கள், நான் எரிச்சல்பட்டாலும் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பிள்ளைகளே, கல்ஃபில் இருந்து அக்கறையோடு அனுப்புகிறீர்கள், தெரிகிறது, ஆனால் "மாமா, இதை டாக்டரிடம் காட்டுங்கள்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மட்டும் கடைசியாக ஒன்று. பல் பிடுங்கப் போனாலும், மூலத்துக்கு ஆபரேஷன் என்றாலும், வயிறு எரிந்தாலும், மலம் கறுப்பாகப் போனாலும் நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல் முதலில் ஸ்டென்ட் வைத்த டாக்டருக்குப் போன் போடுங்கள். அவர் எடுக்கவில்லையென்றால் எனக்கு. மலம் கறுப்பாகப் போனால் மட்டும் போனில் பேசிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே நேரில் வாருங்கள்.