ராடருக்குத் தெரியாத காற்று

தை மாதம் நெல்லுக் காவலுக்குக் கொட்டிலில் படுத்தவர்களுக்குத் தெரியும்: வானம் வெளித்திருந்தால் விடியப் பனி கொட்டும், முகில் மூடியிருந்தால் குறையும். நிலம் இரவில் தன் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக மேலே விடுகிறது. முகில் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. பள்ளிக்கூடத்தில் 'செங்கீழ்க் கதிர்' என்று படித்தோமே, அதுதான் அகச்சிவப்பு.

நான் வானிலை அவதானிப்பு வேலையில் இருப்பவன். கனடாவுக்குப் பிள்ளைகளிடம் போகும் வன்னி அம்மாமார் என்னைக் கேட்பது, "தம்பி, அண்டைக்கு மழை இருக்கோ?" என்றுதான். எனக்கோ வெளித்த வானத்தைப் பற்றித்தான் கூடக் கவலை.

விமானத்தின் மூக்கிலுள்ள ராடர் விடும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும். ஐப்பசிப் பின்னேரத்தில் இரணைமடுப் பக்கம் எழும்பும் இடிமுகிலை அது நன்றாகவே காட்டும். அதே முகிலின் உச்சியிலுள்ள பனிப்பளிங்குகள் மங்கலாகத்தான் தெரியும். முகிலே இல்லாத இடத்தில் விமானத்தைக் குலுக்கும் காற்றும் எரிமலைச் சாம்பலும் அதற்குப் பிடிபடுவதில்லை. 1982 யூன் 24 இரவு பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் விமானமொன்று இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்தது. நாலு எஞ்சினும் நின்றுபோயின. ராடரில் ஒன்றுமே தெரியவில்லை. கீழே இறங்கியபின் எஞ்சின்கள் திரும்ப இயங்கியதால் எல்லாரும் தப்பினார்கள்.

அகச்சிவப்பை அளக்கும் உணரிக்குச் சாம்பல் தெரியும். கதிரின் அலைநீளத்தை மைக்ரோனில், அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், சொல்வார்கள். 12 மைக்ரோன் கதிரைவிட 11 மைக்ரோன் கதிரைச் சாம்பல் கூடுதலாக உறிஞ்சும். பனிப்பளிங்கு முகில் இதற்கு நேர்மாறு. 2013இல் பிஸ்கே விரிகுடாவுக்கு மேல் ஒரு விமானம் ஐஸ்லாந்துச் சாம்பலைத் தூவ, இன்னொரு விமானத்தின் அகச்சிவப்புக் கமரா அதைச் சுமார் 60 கிலோமீற்றரில் வைத்தே கண்டுகொண்டது.

வெறுங்காற்றின் குலுக்கம் இவ்வளவு இலகுவில் அகப்படாது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு விடும் 15 மைக்ரோனை அண்டிய கதிரை உணரி அளக்கும். அலைநீளத்தைக் கொஞ்சம் மாற்றினால் கிட்டவுள்ள காற்றின் சூடும் தூரக் காற்றின் சூடும் பிரிந்து தெரியும். முன்னால் சூடு சட்டென்று மாறினால் அங்கே காற்று குழம்பியிருக்கக்கூடும். 1985இல் அமெரிக்காவின் டலஸில் இடிமுகிலிலிருந்து கீழ்நோக்கி வீசிய காற்று ஒரு விமானத்தை நிலத்தில் அடித்து 137 பேர் இறந்தபின், நாசா இம்முறையையும் பறந்து சோதித்தது. மழைக்குள் அகச்சிவப்பின் பார்வை குறுகிவிடும். அந்தச் சோதனையில் முன்னுக்கு வந்தது புதுவகை ராடர்தான்.

ஆகவே இன்றும் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் ராடரையே நம்பிப் பறக்கின்றன. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் போன விமானம் மியன்மாருக்கு மேல் குலுங்கியபோது, ஆசனப்பட்டி போடாதவர்கள் கூரையில் போய் மோதினார்கள்.

அம்மாமாரே, பட்டி போடச் சொல்லும் விளக்கு அணைந்தாலும் பட்டியைக் கழற்றாதீர்கள். வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் இறுக்குங்கள். குளிருக்குப் போர்த்தினால் போர்வைக்கு மேலால் போடுங்கள். பணிப்பெண் உங்களை எழுப்பாமலே பார்த்துவிட்டுப் போவார்.