பிஎச்.டி. உதவித்தொகை: மார்க் இருந்தும் பணம் ஏன் கைக்கு வருவதில்லை?

சேலத்திலும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும் பிஎச்.டி. உதவித்தொகை கைநழுவிப் போன பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். ஆய்வுத் தலைப்பு சரியில்லை என்று அவர்களில் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. சாதிச் சான்றில் போனது, தேதியில் போனது, கைடின் (ஆய்வு வழிகாட்டும் பேராசிரியரின்) ஓய்வு வயதில் போனது. உதவித்தொகைத் திட்டங்களின் வரலாறு எந்த இணையதளத்திலும் கிடைக்கும். எங்கே சறுக்குகிறது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

இப்போது நடப்பில் இருப்பது யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 பிஎச்.டி. விதிமுறை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) வராத ஓபிசி (மத்தியப் பட்டியலில் உள்ள பிற்படுத்தப்பட்டோர்), மாற்றுத்திறனாளி, இ.டபிள்யூ.எஸ். (பொதுப்பிரிவு ஏழைகள்) என்றால் 50 போதும். பல்கலைக்கழகம் தானே நுழைவுத் தேர்வு வைத்தால் பாதிக் கேள்வி ஆய்வு முறையியலில், மீதி உங்கள் பாடத்தில். எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்ற கணக்கில் தரவரிசை போடுவார்கள். ஜே.ஆர்.எஃப். (நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் முன்னிலை பெறுவோருக்கான உதவித்தொகை) இருந்தால் நேர்முகம் மட்டும்தான். நெட் விண்ணப்பத்தில் 54.9-ஐ 55 என்று போட்டுவிடாதீர்கள். முழுமையாக்கக் கூடாது என்று அறிவிப்பிலேயே இருக்கிறது.

"நெட் பாஸ் பண்ணிட்டேன், பணம் எப்ப வரும்?" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். 2024 ஜூன் முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜே.ஆர்.எஃப். உடன் உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும், பிஎச்.டி. சேர்க்கை மட்டும். மாதம் 37,000 ரூபாய் முதல் வகைக்குத்தான். மற்ற இரண்டும் கதவைத் திறந்துவிடும், இந்தக் காசு தராது. அந்த மதிப்பெண்ணும் சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடி தேர்வு எழுத வேண்டியதுதான்.

அதிகம் பேர் விழும் குழி ஓபிசி சான்று. நம்மிடம் இருப்பது பி.சி., எம்.பி.சி. என்று மாநில அரசு கொடுத்த சான்று. மத்திய அரசின் உதவித்தொகைக்கு அது செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று தாசில்தார் கையெழுத்திட்ட தனி ஓபிசி சான்று வேண்டும். அதையும் அந்தந்த ஆண்டுக்குப் புதிதாக வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் ஓபிசி என்று டிக் அடித்து, அந்த கட்-ஆஃபில் தேறி, சரிபார்ப்பு நாளில் எம்.பி.சி. சான்றை நீட்டி வெளியே வந்தவர்கள் உண்டு. மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை. முதலில் அதைப் பார்த்துவிட்டு டிக் அடியுங்கள்.

இந்தச் சான்றுக்கு இ-சேவையில் பதிந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று போகும். அங்கே அப்பாவின் சம்பளத்தையும் நிலத்து வருமானத்தையும் கூட்டி, கிரீமி லேயர் வரம்பான ஆண்டுக்கு 8 லட்சம் தாண்டிவிட்டது என்று தள்ளுவார்கள். அது தவறு. 8 லட்சக் கணக்கில் பெற்றோரின் சம்பளம் சேராது, விவசாய நில வருமானமும் சேராது. சேர்வராயன் மலையில் மட்டும் ஒரு விஷயம் கவனியுங்கள்: காபித் தோட்டம் சொந்தமாக இருந்தால் அந்த வருமானம் கணக்கில் வரும். எஸ்டேட்டில் வேலை செய்கிறவரின் கூலி வராது. உரிமையாளரையும் கூலிக்காரரையும் ஒரே தராசில் வைக்கும் அலுவலர் இருந்தால், வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் மறுப்பு கேளுங்கள். எழுதித் தரச் சொன்னாலே பாதிப் பேர் விதியைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

மலையாளி என்ற மலைவாழ் பழங்குடிப் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். 1989 நவம்பருக்குப் பிறகு எஸ்.டி. சான்று கொடுக்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்குத்தான். தாசில்தார் கையெழுத்திட்ட பிற்காலச் சான்றோடு போனால் நிற்காது. அப்பாவிடமோ அத்தையிடமோ சரியான சான்று இருந்தால் நகலை விண்ணப்பத்தோடு இணையுங்கள். விசாரணை என்ற பெயரில் மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே எம்.ஏ. படிக்கும்போதே போட்டுவிடுங்கள்.

இவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. எஸ்.டி. மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகைக்கு நெட் தேவையே இல்லை. ஆண்டுக்கு 750 பேரை முதுகலை மதிப்பெண் வரிசையில் எடுக்கிறார்கள். முழுநேர பிஎச்.டி.யில் ஏற்கெனவே பதிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை யாரும் சொல்லாததால் வருஷா வருஷம் நெட் எழுதியே சோர்ந்துபோன பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. எஸ்.சி., ஓபிசி தேசிய உதவித்தொகைகள் நெட் மதிப்பெண்ணோடு கட்டியவை. மாநில அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறிஸ்தவம் தழுவிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் தருகிறது, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், முழுநேரமாகப் படிக்க வேண்டும். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-இல் நிறுத்திவிட்டார்கள். அதற்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

முழுநேரம் என்ற சொல்லை அலட்சியமாக விடாதீர்கள். தனியார் கல்லூரியில் வேலையை விட மனமில்லாமல் பார்ட் டைமில் பதிந்துவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சேர்கிறார்கள். மாற்றும் ஃபைல் செக்ஷனில் தூங்கும்போது அந்த ஆண்டின் விண்ணப்பத் தேதி போய்விடும்.

கைடு விஷயத்திலும் கணக்கு இருக்கிறது. பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு 3 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்க முடியாது. ஆசையாகச் சம்மதக் கடிதம் கொடுத்த கைடிடம் இடமே இல்லை என்பது நேர்முகத்தன்றுதான் பலருக்குத் தெரிகிறது. கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்: "ஐயா, உங்ககிட்ட இப்ப எத்தனை இடம் காலி? ரிட்டையர்மெண்ட் எப்போ?"

நேர்முகத்தில் பெரிய தத்துவம் கேட்பதில்லை. ஏற்காட்டு மிளகுத் தோட்டத்து மண்ணை ஆராயப் போகிறேன் என்றால், எந்த ஆய்வகத்தில், எந்தக் கருவியில், எத்தனை மாதிரி என்று கேட்பார்கள். துறையில் அந்தக் கருவி இருக்கிறதா என்று முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வந்தவருக்கும் பார்க்காதவருக்கும் அந்த 30 மதிப்பெண்ணில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தேர்வான பிறகும் ஓட்டம் நிற்காது. ஓமலூர்ப் பக்கத்து மாணவி ஒருவர், ஜே.ஆர்.எஃப். வந்தும் பல மாதம் பணம் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. "பேர் மேட்ச் ஆகலம்மா, அடுத்த வாரம் வாங்க" என்று ஒவ்வொரு டேபிளாகத் திருப்பினார்கள். எந்த டேபிளில் மாட்டியது என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மார்க் ஷீட் படியே விண்ணப்பத்துக்கு முன்பே திருத்திவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் உங்கள் வருகையைப் பல்கலைக்கழகம் உறுதி செய்தால்தான் பணம் இறங்கும். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் தேதி முத்திரையோடு நகல் வாங்கி வையுங்கள்.

காரணம் சொல்லாமல் நிராகரித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். என் எழுத்துத் தேர்வு மதிப்பெண், என் நேர்முக மதிப்பெண், என் பிரிவில் கடைசியாகத் தேர்வானவரின் மதிப்பெண், என் விண்ணப்பம் பற்றிய கோப்புக் குறிப்பின் நகல்: இந்த நான்கை மட்டும் கேளுங்கள். "ஏன் என்னை எடுக்கவில்லை?" என்று எழுதினால், விளக்கம் தர இயலாது என்று அதைச் சாக்காக வைத்தே முடித்துவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அனுப்புங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.