நான்கு மீட்டருக்குள் ஒரு டிக்கி

எழும்பூர் ரயில் நிலைய வாசலில் விடிகாலையில் நின்று பாருங்கள். மதுரை ரயிலில் வந்த குடும்பம் இரண்டு பெட்டி, அரிசி மூட்டை, பலாப்பழம் சகிதம் கால் டாக்சியைச் சூழ்ந்து நிற்கும். ஓட்டுநர் டிக்கியைத் திறப்பார். எல்லாம் உள்ளே போய்விடும். இத்தனைக்கும் அந்தக் காரின் நீளம் நான்கு மீட்டர்கூட இல்லை.

அந்த அளவை வகுத்தது வரிச் சட்டம். 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் 4,000 மில்லிமீட்டரையும், பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசியையும், டீசல் இன்ஜின் 1,500 சிசியையும் தாண்டக் கூடாது. இன்றைய ஜிஎஸ்டியிலும் இதே எல்லைதான்.

2008இல் வந்த மாருதி டிசையரின் நீளம் 4,160 மில்லிமீட்டர். டிக்கி 440 லிட்டர். 2012இல் அதை 3,995 ஆக நறுக்கினார்கள். போனது முக்கால் சாண்தான். டிக்கியோ 316 லிட்டராகச் சுருங்கிவிட்டது. 2017 மாடலில் நீளம் மாறவே இல்லை, ஆனால் டிக்கி 378 லிட்டர். அகலத்தில் 40 மில்லிமீட்டரும், முன்பின் சக்கரங்களுக்கு இடையே 20 மில்லிமீட்டரும் கூட்டியிருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் கணக்கு இது.

இடத்தை மிச்சப்படுத்தும் வேலை பானெட்டுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அம்பாசிடரில் இன்ஜின் நெடுக்காக இருந்தது. அதன் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக நீண்ட தண்டு ஒன்று காரின் அடியில் ஓடியது. பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தவர்களுக்குக் காலடியில் இருந்த மேடு நினைவிருக்கும். அந்தத் தண்டுக்காக எழுப்பியதுதான் அது. இன்றைய சிறிய செடான்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்காகப் படுத்து, முன்சக்கரங்களையே இழுக்கின்றன. தண்டு இல்லை, மேடும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்கு அடியில் ஒடுங்கிக்கொள்கிறது.

பின்சக்கரங்களைத் தாங்குவது இரண்டு இரும்புக் கைகள். அவற்றை இணைக்கும் குறுக்கு உத்தரம், உட்புறம் குழிந்த வடிவில் இருக்கும். மழை விட்டபின் வேளச்சேரிப் பள்ளத்தில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கினால், ஈரத்துணியைப் பிழிவதுபோல உத்தரம் முறுக்கிக்கொள்ளும். மறுபக்கச் சக்கரத்துக்குப் பெரிய குலுக்கல் போகாது. அதிக இடமும் அடைக்காததால் டிக்கியின் தரையைத் தாழ்த்தி, அதன் கீழே ஸ்டெப்னியையும் வைக்க முடிகிறது.

ஒன்றை மட்டும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். டிக்கி மூடியின் இரு ஓரங்களிலும் கொக்கின் கழுத்துபோல் வளைந்த கம்பிகள் இருக்கும். மூடும்போது அவை டிக்கிக்குள் இறங்கும். லிட்டர் கணக்கில் இது தெரியாது. பலாப்பழம் ஓரத்தில் இருந்தால் கம்பி அதன் மேல் முட்டும், மூடி பூட்டாது. எழும்பூர் ஓட்டுநர் அதை நடுவே உருட்டிவிட்டு, துணிப்பையை ஓரத்தில் செருகி, மூடியை அழுத்துகிறார்.